நாற்பது போன்களும் ஒரு சோலையம்மாளும்

ஏழாயிரம்பண்ணைக்குச் சற்று முன்னால், சாலை பிரிந்து கம்பெனி வேன்கள் வந்து நிற்கும் விலக்கில் இருந்தது சோலையம்மாளின் பெட்டிக்கடை. தொங்குகிற வாழைத்தாரையும் பாட்டில் மிட்டாயையும் பார்த்து, அவள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். அவள் பிழைப்பு பெஞ்சுக்கு அடியில் இருந்தது. அங்கே இரண்டு பழைய கலர் பாட்டில் பெட்டிகள் கிடந்தன. கலர் குடிப்பவர்கள் குறைந்து போனபின், பாட்டில் நின்ற ஒவ்வொரு குழியிலும் இப்போது ஒரு செல்போன் நின்றது.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் காலை ஏழு மணிக்கு வேன் ஏறும் பெண்கள் போனைச் சோலையம்மாளிடம் கொடுத்துவிட்டு, சாயந்திரம் இறங்கியதும் வாங்கிக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய். யாருடைய போன் எது என்று குழம்பாமல் இருக்க, சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் கழித்துப் போட்ட வெடி லேபிள்களை வாங்கி வந்திருந்தாள். மயில், ரயில், புலி, கிளி என்று ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. ஒன்று போனில் ஒட்டியிருக்கும், மற்றது போன்காரியின் இடுப்பில் செருகியிருக்கும்.

ஒரு போன் மூன்று தரம் விடாமல் அடித்தால் அவசரம் என்று அர்த்தம், அப்போது எடுத்துப் பேசலாம் என்பது பேச்சு. சோலையம்மாளின் பொறுமை முதல் மணிக்கே பத்தாது. எடுத்தாலும், "அவ வேலைக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு வைக்கிற ரகமில்லை அவள். யார் போனோ அவர்கள் குரலிலேயே பேசிவிடுவாள். காஸ் சிலிண்டர்காரனோடு சண்டை போட்டிருக்கிறாள், பிள்ளைகளின் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள், கைமாற்றுக் கேட்ட கொழுந்தன்மார்கள் பலருக்கு அண்ணிமார் குரலில் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியும் குறை சொன்னதில்லை. கொழுந்தன் விஷயத்தில் இரண்டு பேர் நன்றியே சொன்னார்கள்.

இதில் கிளி லேபிள் போன் மட்டும் தனிக்கதை. அது லட்சுமிகாந்தத்தின் போன். அவள் மகள் ஐஸ்வர்யா ஆடி மாதம் மெட்ராஸில் ஏதோ ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்று மதியம் ஒன்றரை மணிக்குக் கிளி அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் "அம்மா" என்ற ஒரு சொல், அதற்கப்புறம் அழுகை. உங்கம்மா இங்கே இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? லட்சுமிகாந்தத்தின் கரகரத்த குரலை வரவழைத்து, "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டாள் சோலையம்மாள். அழுகை நின்றது. அன்றிலிருந்து தினமும் ஒன்றரைக்குக் கிளி அடிக்கும், தினமும் அதே கேள்வி, இரண்டு நிமிடப் பேச்சு. சாயந்திரம் லட்சுமிகாந்தத்திடம், உன் மக பேசுனா, நல்லாருக்கா என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று சில நாள் உறுத்தும். ஆனாலும் ஒன்றரை மணிக்கு முன்னால் அவளுக்குச் சோறு இறங்காமல் போய்விட்டது.

போன வருஷம் ஐப்பசி மழையில் கடையின் தகரம் ஒழுகி இரண்டு போன்கள் செத்துப்போயின. காதுத் தோட்டை அடகு வைத்துப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். இந்த வருஷம் எதிர்த்த டீக்கடை காளிராஜ், பூட்டுப் போட்ட அலமாரி வாங்கிப் போட்டு, சார்ஜும் ஏற்றித் தரப்போவதாகச் சொல்லித் திரிந்தான். அவன் முந்திக்கொண்டால் சோலையம்மாள் திரும்பவும் கலர்தான் விற்க வேண்டும். குடிக்கத்தான் ஆள் கிடையாது.

சிவகாசியில் ஒரு பழைய இரும்புக் கடையில் நாற்பது அறை வைத்த அலமாரி ஒன்று கிடந்தது. ஒவ்வொரு அறைக்கும் தனிச் சாவி. வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றிருந்தார் கடைக்காரர். அலமாரிக்கும் புதுத் தகரத்துக்கும் சேர்த்துக் குழு லோன்தான் ஒரே வழி. நாலு பெண்கள் சேர்ந்தால்தான் குழு. மயில் லேபிள் கனகமணி சாயந்திரம் பணியாரம் சுட்டு விற்பவள். ரயில் லேபிள் பானுப்பிரியா வீட்டு முன்னறையில் நைட்டி விற்பவள். புலி லேபிள் சுகிர்தா, ஒற்றைத் தையல் மிஷினை வைத்து ரவிக்கை தைப்பவள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவளைப்போலப் பேசுவாள். மூவரும் பகலில் கம்பெனிக்குப் போகிறவர்கள். நாலாவது ஆள், தலைவி, சோலையம்மாள்.

லோன் வாங்கித் தரும் சூர்யபிரகாஷ் நல்ல பையன்தான், யோசனைதான் கொஞ்சம் குறைவு. மெட்ராஸ் ஆபீசிலிருந்து நாலு பேருக்கும் தனித்தனியாகப் போன் வரும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் பணம் வந்துவிடும் என்றான். இரண்டு தரம் அடித்தும் எடுக்காவிட்டால் மனு திரும்பிவிடும், அப்புறம் தை பிறந்துதான் பார்க்க முடியும் என்றும் சொன்னான். எப்போது வரும் என்று கேட்டதற்கு, பகல் பதினொரு மணிக்கு மேல் என்றான். அந்த நேரத்தில் மூன்று பேரும் கம்பெனிக்குள் இருப்பார்கள் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, தீபாவளி சீசன் அவசரத்தில் அவர்களுக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை பதினொன்றே காலுக்கு மயில் அடித்தது.

"வணக்கம், கனகமணி மேடங்களா? இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றது ஒரு பெண் குரல். இஸ்திரி போட்டு மடித்த மாதிரி இருந்தது பேச்சு.

சோலையம்மாள் ஒரு நொடி யோசித்தாள். கம்பெனிக்கு ஓடிப்போய்க் கனகமணியைக் கூப்பிடுவது நடக்கிற காரியமில்லை. போனை வைத்துவிட்டால் அடுத்த தரமும் இதே கதைதான், மனு திரும்பிவிடும், வெள்ளிக்கிழமை அலமாரி போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்தோத்திரம்மா, கனகமணிதான் பேசுறேன்" என்றாள். கனகமணி மூச்சுக்கு மூச்சு ஸ்தோத்திரம் சொல்பவள். நடுவில் ஓர் இருமலும் உண்டு, அதையும் மறக்கவில்லை.

தலைவி என்பதால் மூவருடைய ஆதார் ஜெராக்ஸும் கடையில்தான் இருந்தன. கணவர் பெயர் ஜெயசுந்தர், பிறந்த தேதி இன்னது என்று பார்த்து ஒப்பித்தாள். எதற்குக் கடன் என்று கேட்டபோதுதான் நாக்கு துறுதுறுத்தது. பணியாரக் கடைக்கு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். வேன் இறங்குகிற நேரத்தில் இந்த விலக்கில் பருத்திப்பால் கிடைப்பதில்லை என்பது சோலையம்மாளின் நெடுநாள் குறை. எனவே பணியாரத்தோடு பருத்திப்பாலும் போடப்போவதாகக் கனகமணி அறிவித்தாள்.

அடுத்து ரயில். பானுப்பிரியாவுக்குச் சிரித்துச் சிரித்துப் பேச வேண்டும். வீட்டுக்காரர் முனியராஜ் என்று கூச்சமில்லாமல் சொன்னாள். நைட்டியா என்று கேட்டால், ஆமாம், இனிமேல் பருத்தி நைட்டி, பருத்திச் சேலை மட்டும்தான் என்றாள். நைலான் சேலை கட்டி வந்தால் தீப்பொறி பயத்தில் கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அத்தனை பேரும் பருத்திக்குத்தானே அலைகிறார்கள் என்று காரணமும் சொன்னாள். பானுப்பிரியாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தவள், இப்போது அவள் வாயாலேயே சொல்லிவிட்ட திருப்தி.

அதன் பின் புலி. சுகிர்தாவின் குரலுக்குப் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டால் போதும். வீட்டுக்காரர் சரவணக்குமார், இரண்டாவது மிஷின் வாங்கப் போகிறோம் என்றாள். இரண்டாவதில் யார் தைப்பார் என்று கேள்வி வந்தது. "எங்க அத்தைதான்" என்று சொல்லிவிட்டாள் சோலையம்மாள். சுகிர்தாவும் மாமியாரும் பேசி ஏழு மாதம் ஆகிறது.

மூன்றும் முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, ராஜாத்தி மாதிரி சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது அவளுடைய சொந்தப் போன் அடித்தது.

இதற்கு நடிக்க வேண்டியதில்லையே என்று எடுத்தவளுக்கு, எந்தக் குரலில் பேசுவது என்றே தெரியவில்லை. சோலையம்மாளின் குரல் எப்படியிருக்கும்? வந்தது ஏதோ ஒரு கீச்சுக் குரல். பிறந்த தேதியைக் கேட்டாள் அந்தப் பெண். மற்ற மூவருடைய ஜெராக்ஸும் கையில் இருந்தன, இவளுடையதை சூர்யபிரகாஷ் முதல் நாளே வாங்கிக்கொண்டு போயிருந்தான். பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் பிறந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள் என்றாள். ஆதாரில் எழுதியவர் அதையெல்லாம் கேட்டாரா என்ன? அடுத்து அந்தப் பெண் கணவர் பெயரைக் கேட்டாள். மூன்று பெண்களின் புருஷன் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன நாக்கு இப்போது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான இருபத்திமூன்று வருஷத்தில் அந்தப் பெயரை அவள் சொன்னதே இல்லை.

"அவுக பேருதான்" என்றாள்.

"பெயரைச் சொல்லுங்க மேடம்."

"அதான்மா, அவுக."

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சாயந்திரம் வேன் வந்து நின்றபோது சூர்யபிரகாஷ் பைக்கில் காத்திருந்தான். இரண்டு பதில் தப்பானால் கம்ப்யூட்டரே "ஆள் வேறு" என்று போட்டுவிடுமாம்.

"மத்த மூணு பேரும் அசல்னு வந்திருக்குக்கா. நீங்க மட்டும்தான் போலியாம்" என்றான் பரிதாபமாக.

மூன்று பேர் அசலாக இருந்தும், நாலாவது ஆள் இல்லாவிட்டால் குழு இல்லை. நாளைக்கு இன்னொரு தரம் கூப்பிடுவார்கள், அதிலும் தவறினால் நாலு மனுவும் சேர்ந்தே திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். தாங்கள் எப்போது அசலானோம் என்று மற்ற மூவரும் சோலையம்மாளைப் பார்த்தார்கள். அவளும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தனக்குப் பருத்திப்பால் காய்ச்சவே தெரியாதே என்று கனகமணி நெஞ்சில் கை வைத்தாள். பானுப்பிரியா சிரித்த சிரிப்பில் வேன் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். சுகிர்தா மட்டும் மெல்லக் கேட்டாள்:

"எங்க மாமியாளுக்குப் போன் பண்ணி மெய்தானான்னு கேட்டா என்ன செய்யக்கா?"

"கேக்கட்டுமே. உங்க மாமியா போனும் பகல்ல எங்கிட்டதான இருக்கு" என்றாள் சோலையம்மாள்.

சுகிர்தாவே சிரித்துவிட்டாள். அதன்பின் ஒத்திகை ஆரம்பமானது. வீட்டிலிருந்து அசல் ஆதாரை எடுத்து வந்து பிறந்த தேதியை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அது ஒன்றும் கஷ்டமில்லை. புருஷன் பெயர்தான் இடித்தது. சர்ச்சில் தினமும் ஜெயசுந்தர் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் செய்வதாகவும், அவர் கல்லுக்குண்டு மாதிரிதான் இருக்கிறார் என்றும் கனகமணி சொல்லிப் பார்த்தாள். "ரா" வரை வந்தது சோலையம்மாளுக்கு, அதற்கு மேல் வரவில்லை.

பானுப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று இடுப்பில் ஒரு கையை வைத்தாள், முகவாயைத் தூக்கினாள். "ஏலே காளிராஜு, எங்கன வந்து யாருகிட்டலே போட்டி போடுத? நான் சோலையம்மா, ராஜபாண்டியன் பொண்டாட்டி" என்றாள். குரல், நடுவில் வெற்றிலையை ஒதுக்கும் இடைவெளி, எல்லாம் அப்படியே இருந்தன. கனகமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்க்கடை காளிராஜ் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எட்டிப் பார்த்தான்.

சோலையம்மாளும் சிரித்தாள். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஊரையே நடித்துக்காட்டிய அவள், தன்னை ஒருவர் நடித்துக்காட்டி இதுவரை பார்த்ததில்லை. இப்படியா அதட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று வருத்தமாக இருந்தது. பரவாயில்லையே, ஆள் கம்பீரமாகத்தான் இருக்கிறாள் என்றும் இருந்தது.

மறுநாள் காலையிலேயே மேற்கே கருத்துக்கொண்டு நின்றது. பதினொரு மணிக்குத் தூறல் விழுந்து, பதினொன்றரைக்குக் கொட்டியது. தகரம் போன வருஷத்து ஓட்டையை மறக்கவில்லை, சரியாகப் பெஞ்சுக்கு நேராகவே ஒழுகியது. சோலையம்மாள் இரண்டு பெட்டிகளையும் இழுத்து மேடைமேல் ஏற்றி, இருந்த ஒரே தார்ப்பாயை அவற்றின்மேல் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய போன் அடித்தது. அதே இஸ்திரிக் குரல்.

முதல் நாளைப்போலவே கீச்சுக் குரல்தான் முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இதுவும் யாருடைய போனோ என்று வைத்துக்கொள்வோம். சோலையம்மாள் என்று ஒருத்தி, வேலைக்குப் போயிருக்கிறாள். அவளுக்குப் பதிலாக நாம் பேசுகிறோம், அவ்வளவுதானே? இடுப்பில் ஒரு கையை வைத்தாள். பானுப்பிரியா தூக்கிய அளவுக்கு முகவாயைத் தூக்கினாள்.

"சோலையம்மாதான் பேசுறேன், கேளு தாயி" என்றாள். பிறந்த தேதி தண்ணீர் பட்ட பாடாக வந்தது. கணவர் பெயர் என்று அந்தப் பெண் முடிக்கும் முன்பே, "ராஜபாண்டியன்" என்று மழைக்கு மேலே கேட்கச் சொல்லிவிட்டாள். இடி ஒன்றும் விழவில்லை. இருபத்திமூன்று வருஷம் பயந்ததற்கு இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தார்ப்பாய்க்கு அடியில் நாலைந்து போன்கள் ஒரே சமயத்தில் அடிக்க ஆரம்பித்தன. மழையென்றதும் வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் ஏதாவது கேட்பதற்குக் கூப்பிடுவார்கள். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாள் அந்தப் பெண். சோலையம்மாள் பேசத் தொடங்கியபோது முகவாய் தானாகவே இறங்கியிருந்தது.

"மழைம்மா. தகரம் ஒழுகுது. நாப்பது பொம்பளைக போனு எங்கிட்ட இருக்கு. நனையாம மூடிட்டு நிக்கேன்."

"கடன் எதற்காகக் கேக்கறீங்க மேடம்?"

"இதுக்குத்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, விவரங்கள் பதிவு செய்யப்பட்டன, நன்றி மேடம் என்று சொல்லி வைத்துவிட்டாள். கிடைத்ததா இல்லையா என்று அதில் என்ன தெரியும்? சோலையம்மாள் தலையிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காளிராஜ் தன் கடையிலிருந்து, என்ன மதினி குளியலா என்று கேட்டான். அவன் பக்கம் திரும்பாமல் தார்ப்பாயை இன்னும் இழுத்துவிட்டாள். இந்தப் பெட்டியும் போய்விட்டால் காலையில் யாரும் தன்னிடம் எதையும் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள் என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப ஓடியது.

மழை விட்டது. தூக்குவாளிச் சோறு மூடியபடியே இருந்தது. ஒன்றரை மணிக்குக் கிளி அடித்தது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, குரலைக் கரகரப்பாக்கி, "சாப்பிட்டியாத்தா?" என்றாள்.

"சாப்பிட்டேன் சோலைச் சித்தி. நீங்க சாப்பிட்டீகளா?"

சோலையம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து, கிளிதானா என்று லேபிளைப் பார்த்தாள். இத்தனை நாளில் ஐஸ்வர்யா அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அம்மாவும் மகளும் ராத்திரி பேசிக்கொள்வார்களே, முதல் நாளே குட்டு உடைந்திருக்குமே என்று நாலு மாதமாக ஒரு தரம்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. ஊரையே ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் எட்டாது.

"எங்க ஆபீசுலயும் வாசல்லயே போனை வாங்கி வச்சுக்கிருவாக சித்தி" என்றாள் அந்தப் பிள்ளை. "மதியம் பத்து நிமிசம்தான் தருவாக. அம்மா எடுக்க மாட்டாகன்னு தெரியும். யாராச்சும் சாப்பிட்டியான்னு கேட்டா நல்லாருக்குமேன்னுதான் அடிப்பேன். நேத்துக் கனகமணி அத்தைன்னு இருமுனீகள்ல, அப்பவே எனக்குச் சிரிப்பு."

இப்போது சோலையம்மாளுக்கு இஸ்திரி போட்ட குரல் யாருடையது என்று விளங்கியது. நாலு மாதமாகத் தினமும் கேட்ட குரலை ஆபீஸ் உடுப்பில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"என்னையவும் அப்பவே தெரியும்ல? பிறகு எதுக்கு என்னைய மட்டும் கழிச்சுவிட்ட?" என்றாள்.

"மத்தவுக பத்தி எல்லாம் சரியாச் சொன்னீக. உங்களப் பத்திக் கேட்டா ஒண்ணும் தெரியலையே. நான் என்ன செய்ய?" என்றாள் ஐஸ்வர்யா. "இன்னைக்கு ஓகே போட்டுட்டேன். நாளைக் காலைல நாலு பேருக்கும் பணம் வந்துரும். அம்மா சொன்ன அந்த அலமாரியப் போய் வாங்குங்க. சாப்பிட்டீகளான்னு கேட்டேன், இன்னும் சொல்லலையே?"

சோலையம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பழக்கத்தில் லட்சுமிகாந்தத்தின் கரகரப்பு முன்னால் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"இன்னும் இல்லத்தா" என்றாள், தன் சொந்தக் குரலில். "இனிமேத்தான்."